பிட்லாக்கர் பூட்டிய டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்பது: பூட் பென்டிரைவ் தயாரிப்பிலிருந்து கடைசிக் காப்பி வரை

லேப்டாப்பைத் திறந்தால் நீலத் திரை. விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீ (திறக்கும் சாவி) கேட்கிறது. அல்லது விண்டோஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் பூட்டுப் படம்தான் தெரிகிறது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் இருப்பவர்கள் இந்த நிலையில் வீட்டிலேயே எதுவரை செய்யலாம், எங்கே நிறுத்திவிட்டுக் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டும் என்பதுதான் இங்கே இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பூட் பென்டிரைவ், அதாவது டிஸ்க்கில் உள்ள விண்டோஸ் இல்லாமலே கணினியை இயக்கும் பென்டிரைவ், பூட்டை உடைக்காது. விண்டோஸ் படுத்துவிட்ட கணினியில், சாவி கையில் இருப்பவருக்குக் கதவு வரை வழி காட்டும், அவ்வளவுதான். சாவி இல்லாமலே திறந்து தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். சாவி தொலைந்துவிட்டால் மைக்ரோசாஃப்டாலும் புதிதாக உருவாக்கித் தர முடியாது.

1. முதல் ஒரு மணி நேரம்: செய்யக்கூடாதவை

திரையில் "கீ ஐடி" என்று எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி இருக்கும். அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் 8 எழுத்துகள்தான் சரியான சாவியைக் கண்டுபிடிக்கும் அடையாளம். அடுத்த வேலை, கையைக் கட்டிக்கொண்டு இருப்பது.

"ரிசெட் திஸ் பிசி" அழுத்தாதீர்கள். "என் கோப்புகளை வைத்திரு" என்று அது கேட்டாலும் வேண்டாம். சர்வீஸ் கடையில் கொடுத்தால், "ஓஎஸ் புதுசா போட்டுடலாம்" என்பார்கள். வேண்டாம் என்று வாயால் மட்டும் சொல்லாமல் ரசீதிலேயே "ஃபார்மட் செய்யக்கூடாது" என்று எழுதி வாங்குங்கள். டிஸ்க்கைத் திறப்பதற்கான விவரங்களை பிட்லாக்கர் அதே டிஸ்க்கில் மூன்று இடங்களில் எழுதி வைத்திருக்கும். மேலே புது விண்டோஸ் ஏறினால் அவை அழியும். பிறகு சாவி கிடைத்தாலும் பயனில்லை. எஸ்எஸ்டி என்றால் இன்னும் மோசம். அழித்த இடத்தை அது தானாகவே காலி செய்துவிடும்.

பயாஸுக்குள் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரைக்குள்) போனால் "கிளியர் டிபிஎம்" என்ற வரியைத் தொடாதீர்கள். டிபிஎம் என்பது பூட்டின் ரகசியத்தைக் காக்கும் சிப். தினமும் சாவி கேட்காமல் கதவு திறந்துகொண்டிருந்தது அந்தச் சிப்பால்தான். பயாஸ் அப்டேட், செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் பயாஸ் அமைப்பு) என்பதை மாற்றியது, மதர்போர்டு மாற்றியது, இவற்றில் ஏதோ ஒன்றால்தான் பெரும்பாலும் இந்த நீலத் திரை வருகிறது. சமீபத்தில் ஏதாவது மாற்றியிருந்தால் பழையபடி வைத்துப் பாருங்கள். சில நேரம் அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

2. சாவியைத் தேடுவது

முழு வேலையில் அதிக நாள் பிடிப்பது இதுதான். பென்டிரைவ் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் இதைத் தொடங்குங்கள்.

"நான் பிட்லாக்கரே போடவில்லையே" என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்தாலே பல புது லேப்டாப்கள் தாமாகவே பூட்டிக்கொள்கின்றன. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால் இது மேலும் பரவலாக நடக்கிறது. நல்ல செய்தி, அப்போதே சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். போனில் பிரவுசரைத் திறந்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையுங்கள். டிவைசஸ் பகுதியில் உங்கள் கணினியின் பெயரின் கீழ் பிட்லாக்கர் சாவி இருக்கும். இரண்டு மூன்று சாவிகள் தெரிந்தால், படம் எடுத்து வைத்த கீ ஐடியுடன் ஒப்பிடுங்கள்.

எந்தக் கணக்கு என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். லேப்டாப் வாங்கிய நாளில் யார் அதை முதலில் செட்டப் செய்தார்? கடைப் பையன் தன் மின்னஞ்சலைப் போட்டு முடித்துக் கொடுத்திருக்கலாம். கோயம்புத்தூரில் படிக்கும் மகளின் கல்லூரி ஐடியாக இருக்கலாம். கல்லூரி, அலுவலகக் கணக்கென்றால் சாவி அந்த நிறுவனத்தின் ஐடி நிர்வாகியிடம் இருக்கும். அவருக்குக் கீ ஐடி, லேப்டாப்பின் சீரியல் எண், உங்கள் அடையாள அட்டை நகல் மூன்றையும் சேர்த்து ஒரே கடிதத்தில் அனுப்புங்கள். கடைக்குப் போனால் வாங்கிய பில்லைக் கையோடு கொண்டுபோங்கள். பில் இல்லாமல் கேட்டால் நேர்மையான கடைக்காரர் தயங்கத்தான் செய்வார், அது சரியும்கூட.

கணக்கின் பாஸ்வேர்டு மறந்து, அதில் பதிந்த போன் எண்ணும் இப்போது கையில் இல்லை என்றால் ஒரு பொறி காத்திருக்கிறது. பாதுகாப்பு விவரங்கள் எல்லாவற்றையும் மாற்றக் கோரினால் மைக்ரோசாஃப்ட் 30 நாள் காத்திருக்க வைக்கும். எனவே பழைய சிம்மை டூப்ளிகேட் எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். ஒரு நாளில் முடிகிற வேலைக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம்.

வேறு இடங்கள்: பிரின்ட் எடுத்து பில்லோடு வைத்த தாள், பழைய பென்டிரைவில் "பிட்லாக்கர் ரெக்கவரி கீ" என்று தொடங்கும் டெக்ஸ்ட் கோப்பு, போனின் கேலரி.

கையால் எழுதிய சாவி என்றால் ஒரு சோதனை உண்டு. சாவியில் ஆறு இலக்கம் கொண்ட எட்டுத் தொகுதிகள் இருக்கும். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். 135795 வகுபடும், 135796 வகுபடாது. எந்தத் தொகுதி வகுபடவில்லையோ அங்கேதான் 1-ஐ 7 என்றோ 0-ஐ 6 என்றோ எழுதியிருக்கிறீர்கள்.

சாவி கிடைத்ததும் அதே நீலத் திரையில் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் திறந்துவிட்டால் இந்தக் கட்டுரையின் மீதியே உங்களுக்குத் தேவையில்லை. கோப்புகளை உடனே வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள்.

அதேபோல, வேறு கணினியில் ஒன்டிரைவ் இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்கள் உங்களுக்குத் தெரியாமலே அங்கே ஏறியிருக்கலாம். இலவச இடம் 5 ஜிபிதான், ஆனால் தேடுகிற கோப்பு அதற்குள் இருக்கலாம்.

3. வாங்க வேண்டியவை

32 ஜிபி யுஎஸ்பி 3 பென்டிரைவ் ஒன்று, சில நூறு ரூபாய். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று. மீட்கப்போகும் டிஸ்க்கைவிடக் கொள்ளளவு கூடுதலாக இருக்கட்டும். 1 டிபி டிஸ்க்கை முழுப் படியாக (நகலாக) எடுக்க இன்னொரு 1 டிபி போதாது, 2 டிபி வேண்டும். செலவில் பெரும்பகுதி இதுதான், சில ஆயிரம் ஆகும். தெரிந்தவரிடம் இரண்டு நாளுக்கு இரவல் வாங்கினாலும் சரி. லேப்டாப்பே உயிரோடு இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி மாட்ட, அதன் வகைக்கேற்ப சாட்டா-யுஎஸ்பி கேபிள் அல்லது என்விஎம்இ உறை வேண்டும். ஊட்டி கமர்ஷியல் ரோட்டிலோ குன்னூரிலோ கடையில் கிடைக்கவில்லையென்றால் ஆன்லைனில் போடுங்கள்; மழைக்காலத்தில் மலைப்பாதை அடைபட்டால் பார்சல் மேட்டுப்பாளையத்தில் நிற்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

4. பூட் பென்டிரைவ் தயாரித்தல்

பென்டிரைவிலிருந்தே ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போதும். கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. இன்னொரு லினக்ஸான உபுன்டு அதைப்போல இரண்டு மடங்கு. பந்தலூர், கொலக்கம்பை பக்கம் போன் நெட்டில் அதை இறக்குவதற்குள் விடிந்துவிடும். புதிய பதிப்பையே இறக்குங்கள். இரண்டு காரணம். பிட்லாக்கரைத் திறக்கும் வசதி லினக்ஸின் டிஸ்க் பூட்டுக் கருவியான கிரிப்ட்செட்டப்பில் 2020-இல்தான் வந்தது. பழைய பதிப்புகளில் இருக்காது. இன்னொன்று, 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பழைய லினக்ஸ் பென்டிரைவ்களைச் சில கணினிகள் "எஸ்பாட்" பிழை காட்டித் தள்ளிவிடுகின்றன. மேசை இழுப்பறையில் கிடக்கும் நாலு வருடப் பழைய பென்டிரைவை நம்ப வேண்டாம்.

இறக்கிய கோப்பின் செக்சம்மை (கோப்பு முழுதாக இறங்கியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணை) ஒப்பிட்டுப் பாருங்கள். நெட் விட்டுவிட்டு வரும் இடத்தில் கோப்பு அரைகுறையாக இறங்குவது சகஜம், அது பூட் ஆகும்போதுதான் தெரியும்.

நன்றாக இருக்கும் ஒரு விண்டோஸ் கணினியில் ரூஃபஸ் மென்பொருளைத் திறந்து, பென்டிரைவையும் இறக்கிய மின்ட் கோப்பையும் (ஐஎஸ்ஓ) தேர்ந்தெடுங்கள். "பெர்சிஸ்டன்ட்" என்ற நகர்த்தியை 8 ஜிபி வரை இழுங்கள்; பென்டிரைவில் பிறகு நிறுவுவது நிலைத்திருக்க இந்த இடம். எழுதும் முறை கேட்டால் ஐஎஸ்ஓ முறையைத் தேர்ந்தெடுங்கள். டிடி முறையில் இந்த வசதி கிடைக்காது. பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழியும்.

இந்த 8 ஜிபிதான் இதை உங்களுடைய பூட் டிஸ்க்காக மாற்றுகிறது. நெட் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் ஒருமுறை இதிலிருந்து பூட் செய்து, மின்ட்டில் மென்பொருள் நிறுவும் செயலியான சினாப்டிக் வழியாக மூன்று மென்பொருள்களை நிறுவுங்கள்: பழுதான டிஸ்க்கைப் படி எடுக்கும் ஜிடிடிரெஸ்க்யூ (gddrescue), பிட்லாக்கரைத் திறக்கும் டிஸ்லாக்கர் (dislocker), காணாமல் போன பார்ட்டிஷனைத் தேடும் டெஸ்ட்டிஸ்க் (testdisk). முதலாவதில் "ஜி" எழுத்தை விட்டுவிடாதீர்கள். "ஜி" இல்லாத பெயரில் வேறொரு கருவி இருக்கிறது, இங்கே சொல்லும் முறை அதில் நடக்காது. நிறுவும்போதுதான் இந்த "ஜி"; இயக்கும்போது தட்டும் பெயர் டிடிரெஸ்க்யூ (ddrescue)தான். நிறுவியபின் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து அவை நிலைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதற்குப் பிறகு சிக்னலே இல்லாத எஸ்டேட் பங்களாவிலும் இந்தப் பென்டிரைவ் வேலை செய்யும்.

5. பூட் செய்தல்

லேப்டாப்பை முழுதாக அணைத்து, ஆன் செய்த உடனே பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவாவில் எஃப்12. எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12, ஆனால் அதை முதலில் பயாஸில் இயக்க வேண்டியிருக்கும்.

பயாஸில் எதை மாற்றினாலும் முன்பு இருந்த நிலையைப் படம் எடுங்கள். செக்யூர் பூட் அமைப்பை அணைக்காமலே முயலுங்கள். மின்ட் அதோடு பூட் ஆகும். சில லெனோவாக்களில் "மைக்ரோசாஃப்ட் மூன்றாம் தரப்பு யுஇஎஃப்ஐ சிஏ" என்ற வரியை அனுமதித்தால்தான் பென்டிரைவ் ஏற்கப்படும்.

பூட் ஆனபின் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். இன்டெல் லேப்டாப்களில் "விஎம்டி" அல்லது "ஆர்எஸ்டி" என்ற டிஸ்க் கட்டுப்பாட்டு முறை இயக்கத்தில் இருந்தால் லினக்ஸ் கண்ணுக்கு டிஸ்க் தெரியாமல் போகலாம். பயாஸில் அதை அணைத்து, சாதாரண முறையான ஏஎச்சிஐ வையுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் திருப்பி வையுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் எழாது.

பூட் ஆனதும் தெரியும் "இன்ஸ்டால்" படத்தை அழுத்திவிடாதீர்கள். டெஸ்க்டாப்பிலேயே சிரித்துக்கொண்டு இருக்கும். அதை ஓரமாக இழுத்துப் போட்டுவிடுவது நல்லது.

6. டிஸ்க்கின் உடல்நிலை பார்த்தல்

பூட்டைத் திறக்கும் அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போகும் படி இது. மின்ட்டில் உள்ள "டிஸ்க்ஸ்" செயலியைத் திறந்து, இடப்பக்கம் டிஸ்க்கைத் தேர்ந்து, "ஸ்மார்ட்" விவரத்தைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் "ரீஅலொகேட்டட் செக்டார்", "கரன்ட் பென்டிங் செக்டார்" இரண்டும் பூஜ்யமாக இருந்தால் 7-ஆம் படிக்குப் போங்கள். இந்தக் கரன்ட்டுக்கும் நம்மூரில் போய்ப் போய் வரும் கரன்ட்டுக்கும் சம்பந்தமில்லை; படிக்க முடியாமல் தேங்கி நிற்கும் பகுதிகளின் எண்ணிக்கை அது. பூஜ்யத்துக்கு மேல் இருந்தாலோ, டிஸ்க் ரொம்ப மெதுவாக இருந்தாலோ நேராக 8-ஆம் படி.

"டிக் டிக்" என்று சீராகத் தட்டும் சத்தம் கேட்டால் உடனே அணையுங்கள். அது படிக்கும் முனை அடிபட்ட சத்தம். ஓட ஓடத் தட்டில் கீறல் விழும். அது 9-ஆம் படி.

7. நல்ல டிஸ்க்: திறந்து காப்பி எடுத்தல்

டிஸ்க்ஸ் செயலியில் பெரிய பார்ட்டிஷனைத் தேர்ந்து பூட்டுப் படத்தை அழுத்துங்கள். கேட்கும் இடத்தில் 48 இலக்கங்களையும், தொகுதிகளுக்கு இடையே சிறு கோடுகளோடு போடுங்கள். கோடு இல்லாமல் போட்டு "சாவி தப்பு" என்று வந்ததும் மனம் உடைந்து போகிறவர்கள் பலர். நம்லாக் எரிகிறதா என்றும் பாருங்கள்.

சில கணினிகளில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும், ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் யாரும் நுழைந்திருக்கவே மாட்டார்கள். அப்போது சாவி டிஸ்க்கிலேயே மறைக்கப்படாமல் இருக்கும். டிஸ்லாக்கரை "சி" என்ற சிறிய எழுத்து விருப்பத்தோடு (-c) இயக்கினால் சாவி கேட்காமல் திறந்துவிடும். சாவியைத் தேடி அலுத்தவர்கள் இதை ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

திறந்தபின் "யூசர்ஸ்" ஃபோல்டருக்குள் உங்கள் பெயர். அதை அப்படியே வெளி டிஸ்க்குக்கு இழுங்கள். பூட்டைத் திறந்த டிஸ்க்கில் எதையும் எழுதவோ அழிக்கவோ வேண்டாம். விண்டோஸ் சரியாக அணையாமல் இருந்தால் லினக்ஸ் வெறும் வாசிப்புக்கு மட்டும் திறக்கும். நமக்கு அது போதும், வற்புறுத்தித் திறக்காதீர்கள்.

விட்டுப்போகிறவை: கணக்கு மென்பொருளான டாலி பிரைமின் தரவு வழக்கமாக "பப்ளிக்" ஃபோல்டருக்குள் இருக்கும், உங்கள் பெயருக்குள் இருக்காது. பச்சைத் தேயிலை எடைக் கணக்கை எக்செல்லில் வைத்திருக்கும் பலர் அதை சி டிரைவின் மேல்மட்டத்திலேயே தனி ஃபோல்டரில் போட்டிருப்பார்கள். டி டிரைவ் இருந்தால் அதுவும் தனியாகப் பூட்டப்பட்டிருக்கலாம். அதற்கு வேறு கீ ஐடி, வேறு சாவி. ஒன்டிரைவ் கோப்புகளில் சில பெயர் மட்டும் தெரிந்து திறக்காமல் இருக்கும். அவை டிஸ்க்கில் இல்லை, இணையத்தில்தான் இருக்கின்றன. குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் இந்த வழியில் வராது.

நேரக் கணக்கு: 500 ஜிபிக்கு யுஎஸ்பி 3-இல் ஒன்றரை மணி நேரம் அளவில். கறுப்பு நிற யுஎஸ்பி 2 துளையில் மாட்டினால் நாலு மணி நேரம். சின்னச் சின்னப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இதைவிடக் கூடும்.

8. பழுதான டிஸ்க்: முதலில் முழுப் படி

இங்கே பூட்டைத் திறக்காமலே, பூட்டியபடியே முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாகப் படி எடுக்கிறோம். திறப்பது பிறகு, அந்த நகலில்.

வெளி டிஸ்க் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும். ஃபேட்32 என்றால் 4 ஜிபியில் நின்றுவிடும். டெர்மினலைத் திறந்து தட்ட வேண்டிய வரிசை இது, எல்லாம் சிறிய ஆங்கில எழுத்தில், காற்புள்ளிக்குப் பதில் இடைவெளி விட்டு: சுடோ (sudo), டிடிரெஸ்க்யூ (ddrescue), கோடு-டி (-d), கோடு-என் (-n), மூல டிஸ்க்கின் பெயர், படிக் கோப்பின் பெயர், எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பின் பெயர். டிஸ்க்கின் பெயரை டிஸ்க்ஸ் செயலியில், கொள்ளளவும் மாடலும் பார்த்து உறுதிசெய்யுங்கள். மூலமும் இலக்கும் இடம் மாறினால் எல்லாம் போச்சு. அதற்கு ஒரு காப்பு இருக்கிறது: இலக்காக ஒரு டிஸ்க்கையே கொடுத்தால், "ஃபோர்ஸ்" விருப்பம் சேர்க்காதவரை இந்தக் கருவி எழுத மறுக்கும். யார் சொன்னாலும் "ஃபோர்ஸ்" சேர்க்காதீர்கள்.

முதல் சுற்று சுலபமாகப் படிக்கக்கூடியதை எல்லாம் அள்ளிக்கொள்ளும். இரண்டாவது சுற்றில் "கோடு-என்"-ஐ எடுத்துவிட்டு "கோடு-ஆர்3" (-r3) போட்டு, அதே படிக் கோப்பு, அதே மேப் கோப்போடு மறுபடி இயக்குங்கள். விட்டுப்போன இடங்களை மூன்று முறை முயலும்.

மேப் கோப்பு எங்கே இருக்கிறது என்பது முக்கியம். வெளி டிஸ்க்கில், படியின் பக்கத்திலேயே வையுங்கள். மழைக்காலத்தில் எங்கோ மரம் விழுந்து கரன்ட் போனாலும், அதே வரியை மறுபடி தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேப் கோப்பு இல்லையென்றால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க் இரண்டாவது முறை தாங்காது. நல்ல நிலையில் மூன்று மணி நேரத்தில் முடியும் 1 டிபி, பழுதான டிஸ்க்கில் நாள்கணக்கில் இழுக்கலாம். லேப்டாப் உறங்கப் போகாதபடி பவர் அமைப்பை மாற்றிவிட்டு விடுங்கள்.

முடிந்ததும் பழுதான டிஸ்க்கைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டு, டிஸ்க்ஸ் செயலியின் மெனுவில் "அட்டாச் டிஸ்க் இமேஜ்" கொடுங்கள். வாசிப்புக்கு மட்டும் என்ற குறி முன்பே இருக்கும், எடுக்காதீர்கள். பிறகு 7-ஆம் படியில் சொன்னதுபோல் சாவி.

சாவி சரி, கீ ஐடியும் சரி, ஆனாலும் திறக்கவில்லை என்றால் பிட்லாக்கரின் சொந்த விவரங்களே அடிபட்டிருக்கலாம். விண்டோஸ் ப்ரோ கணினியில் "ரிப்பேர்-பிடிஇ" என்ற கருவி மிச்சமிருப்பதைத் தேடி இன்னொரு டிரைவில் கொட்டும். அந்த டிரைவ் அதே அளவோ பெரிதோ இருக்க வேண்டும், அதில் இருப்பது எல்லாம் அழியும்.

9. குளிர், ஈரம், கோயம்புத்தூர்ப் பயணம்

ஜனவரி உறைபனி நாளில் வெளியிலிருந்து கொண்டுவந்த டிஸ்க்கை, அடுப்பு எரியும் அறையில் உடனே மாட்டாதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் நீர் கோர்க்கும். பையை மூடியபடியே இரண்டு மணி நேரம் அறையில் விடுங்கள். மழைக்காலம் முழுவதும் அலமாரியில் மூடிக் கிடந்த லேப்டாப் என்றால், சிலிகா ஜெல் பைகளோடு இறுக்கமான டப்பாவில் ஓரிரு நாள் வைத்துவிட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைப்பதும் அரிசியில் புதைப்பதும் கேடு. அரிசித் தூசி துளைக்குள் போகும்.

தட்டும் சத்தம் போடும் டிஸ்க், கணினியில் கொஞ்சமும் தெரியாத எஸ்எஸ்டி, இரண்டும் வீட்டு வேலை இல்லை. கோயம்புத்தூரில் டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் கொண்டுபோக வேண்டும். டிஸ்க்கைத் திறந்து முனை மாற்றும் வேலைக்குப் பல்லாயிரம் ரூபாய் ஆகலாம். அதனால் உள்ளே இருப்பது அந்த மதிப்பு பெறுமா என்று இறங்கும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். கூரியரைவிட நேரில் போவதையே பரிந்துரைப்பேன். மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவுகளில் பார்சல் எப்படி உருளும் என்று தெரியாது. ஸ்பாஞ்ச் சுற்றி, மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: லேப்டாப் பில், அடையாள அட்டை நகல், கீ ஐடி எழுதிய தாள். பரிசோதனைக் கட்டணம் எவ்வளவு, தரவு வராவிட்டால் கட்டணம் உண்டா, எத்தனை நாள் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். 48 இலக்கச் சாவியைக் கொடுப்பது உங்கள் விருப்பம். பூட்டியபடியே முழுப் படியை உங்கள் டிஸ்க்கில் எழுதித் தரச் சொல்லி, வீட்டில் நீங்களே திறந்துகொள்ளலாம். அந்தரங்கப் படங்களோ வாடிக்கையாளர் கணக்கோ இருந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும். அடையாளத்துக்குப் பில் கேட்காமல் டிஸ்க்கை வாங்கிக்கொள்ளும் கடையில், அதைத் திரும்பக் கொடுக்கும்போதும் யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்க மாட்டார்கள்.

10. விண்டோஸ் மறுபடி எழுந்தபின்

கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் பகுதியைத் திறந்து, "ரெக்கவரி கீயை பேக்கப் எடு" கொடுத்துப் பிரின்ட் எடுங்கள். புதிதாக நிறுவினால் சாவி மாறியிருக்கும், பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். புதுத் தாளை லேப்டாப் பையில் வைக்க வேண்டாம். பை தொலைந்தால் பூட்டும் சாவியும் சேர்ந்தே போகும். ரேஷன் கார்டு இருக்கும் கவரில் போடுங்கள்.